எங்க ஆளுக வருவாவ

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் கப்பல் ஏணி வழியாக இறங்கி வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சத்துணவு வரைதான் பழக்கம். முட்டை போடுகிற நாளில் முதல் ஆள், கணக்குப் போடுகிற நாளில் காணாத ஆள். அப்புறம் எப்படியோ ஸ்டீயரிங் பிடிக்கப் பழகி, தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற கப்பல் ஆட்களை ஊருக்குள் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வேனுக்கு டிரைவர் ஆனேன். கப்பல்காரர்களுக்கு ஊரில் வேண்டியது ரொம்பக் கொஞ்சம். சிம் கார்டு, சோப்பு, பல் டாக்டர், ஒரு தட்டு பொரித்த கோழி, கொஞ்ச நேரம் ஆடாமல் நிற்கிற தரை. இதற்கு வேண்டிய இங்கிலீஷ் என் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். 'மை ஃப்ரெண்ட்', 'நோ ப்ராப்ளம்', 'ஃபைவ் மினிட்'. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

வேனில் ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள், பர்மாக்காரர்கள், உக்ரைன் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய இங்கிலீஷும் என்னுடையதும் அண்ணன் தம்பி. டுமாரோ கோ, யெஸ்டர்டே கோ, நவ் கோ. 'கோ' ஒன்றுதான், முன்னால் நாளை ஒட்டிக்கொண்டால் போதும். வண்டி ஓடும்.

அபூர்வமாகப் பிறந்ததிலிருந்தே இங்கிலீஷ் பேசுகிற ஆள் ஒருத்தன் ஏறுவான். அப்போதுதான் எனக்கு வேர்க்கும். ஒருமுறை ஒரு என்ஜினியர், தலை நரைத்தவர், டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, 'ஐ வாஸ் கோயிங் டு கால் மை ஒய்ஃப்' என்றார். 'வாஸ்' என்றால் முடிந்துபோனது. 'கோயிங்' என்றால் போவது. பொண்டாட்டிக்குப் போன் போட எங்கேயோ போயிருக்கிறார் மனுஷன் என்று நானாக ஒரு கதை கட்டி, 'ஒய்ஃப் குட்?' என்று விசாரித்தேன். அவர், 'நான் கூப்பிடவே இல்லையே' என்றார். கூப்பிடவும் இல்லை, எங்கேயும் போகவும் இல்லை. அப்புறம் எதற்கய்யா அந்த வாஸ், அந்த கோயிங்?

கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பிடிபட்டது. ஒருநாள் அந்த ஆள் மனதில் ஒரு 'நாளைக்கு' இருந்திருக்கிறது. இப்போது இவ்வளவு தூரம் தள்ளி வந்து நின்று, அந்தப் பழைய 'நாளைக்கு'வைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். நேற்றைக்குள்ளே கிடந்த 'நாளைக்கு' அது. பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு 'பட்' கயிறு கட்டி இழுபட்டு வரும். கூப்பிடப் போனேன், பட். வீடு வாங்கப் போனேன், பட். ஒரு பையன், கல்யாணம் பண்ணப் போனேன், பட் என்று சொல்லிவிட்டு, மீதி வழி முழுவதும் ஜன்னலில் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது இன்னும் மோசம். நம் ஊரில் ஒருத்தி 'காத்திருப்பேன்' என்று சொன்னால், நாம் வேறொருத்தரிடம் போய் ''காத்திருப்பேன்'னு சொன்னா' என்போம். அவள் வாயிலிருந்து விழுந்த சொல் அப்படியே உயிரோடு துள்ளும். எத்தனை வருஷம் கழித்துச் சொன்னாலும் அது காத்திருப்பேன்தான். இவர்கள் அதை வாங்கி, வகிர்ந்து, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து 'ஷீ செட் ஷீ உட் வெயிட்' என்று கருவாடாக்கித்தான் கையில் கொடுப்பார்கள். காத்திருந்தாளா இல்லையா என்பது அதில் தெரியாது. ஆனால் ஒரு வாடை அடிக்கும்.

இதையெல்லாம் நான் வேனில் உட்கார்ந்து ஆற அமர யோசித்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். என் அக்காள் வீட்டுக்காரரைக் கடலில் காணோம் என்று ஆன பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

மச்சானுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. பைபர் வள்ளம், நீலமும் மஞ்சளும் அடித்தது. அவரும் கூட மூன்று பேரும். கச்சான் காற்று, அதாவது மேற்கேயிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று, தொடங்கியிருந்த நேரம். விடியும் முன்னால் போனார்கள். மறுநாள் மதியத்துக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சாயங்காலம் கரையில் கூட்டம் கூடிவிட்டது. வள்ளக்காரர்கள் தேடப் போக டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க ஒரு அதிகாரியும் வந்தார். நல்ல மனுஷன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, அக்காளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்தப் பக்கம் போறேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா?"

அக்காள் பக்கத்தில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெற்கேயா, கிழக்கேயா? அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது."

"அத நாங்க கேக்க மாட்டமே சார்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் பிறந்த கைப்பிள்ளைக்குக்கூடப் புரியும். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போறிய என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் விளங்காது. தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்ப வேண்டும். சின்ன வயதில் வேண்டுமென்றே கேட்டுவிட்டு ஓடி, எங்கள் அப்பாவை ஒரே காலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் குடிக்கவைத்த புண்ணியவான் நான். அதற்கு வாங்கிய அடி முதுகில் இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மீன் கிடைக்கிற இடத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கடலுக்கு அடியில் கல்லாக மேடு தட்டிக் கிடக்கிற இடத்தைப் பார் என்போம். அந்தக் காலத்தில் முத்துக் குளித்ததும் இந்தப் பார்களில்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. மச்சான் என் எதிரில் ஒரு பார் பேரைக்கூடச் சொன்னதில்லை. "உங்கிட்டச் சொன்னா, மாப்ள, டீக்கடை போர்டுல எழுதிப் போட்ட மாதிரிலா" என்பார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் வாய் துறைமுக வாசலைவிட அகலம். கப்பல் போன பிறகு அங்கே கேட்டையாவது சாத்துவார்கள்.

ஆகமொத்தம், அவர் எங்கே போனார் என்பது கரையில் ஒரு ஆளுக்கும் தெரியாது. அந்த வாரம் எல்லா வள்ளங்களும் தெற்கே மணப்பாடு பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. அங்கேதான் மீன் பட்டது. அதனால் இவரும் தெற்கேதான் போயிருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். தேடுகிற படகுகள் எல்லாம் தெற்கே போயின. நானும் தலையை ஆட்டினேன். கூட்டத்தில் தலையாட்டச் சொன்னால் எனக்கு இணை கிடையாது.

மறுநாள் காலையில் ஏஜென்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. கப்பல் ஒன்று உள்ளே வந்து கட்டியிருக்கிறது, ஒரு ஆபீசருக்குப் பல்வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காள் போனைப் பிடுங்கி, "வாரான் சார்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள்.

"ஏலே, நீ இங்கன நின்னு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா அவிய வந்துருவாவளா? போ. வேலையப் பாரு."

"எக்கா, எனக்கு வண்டி ஓட்டக் கை வராது."

"ஒனக்கு என்னைக்குக் கை வந்துச்சு? வாய் வச்சே ஓட்டுவ. போ."

அழுதுகொண்டே திட்டுவாள் அக்காள். திட்டிக்கொண்டே அழுவாள் என்றும் சொல்லலாம். எது முன்னால் எது பின்னால் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

கப்பல் ஏணியில் இறங்கி வந்தவன் இங்கிலாந்துக்காரன். செகண்ட் ஆபீசர். கன்னம் ஒரு பக்கம் பேத்தை மீன் மாதிரி உப்பியிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தான். ஏதாவது தமாஷ் பண்ண வேண்டிய நேரம். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். கடற்கரை ரோட்டில் போகும்போது, கூட்டம் நிற்பதையும் பெண்கள் மணலில் முழங்காலில் இருப்பதையும் அவன் பார்த்தான். என்ன என்று கையைக் காட்டிக் கேட்டான்.

"போட்" என்றேன். "நோ கம்."

அவன் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்தான். என்ன கலர் என்று கேட்டான். ப்ளூ, எல்லோ என்றேன். நான்கு பேரா என்றான். நான் பிரேக்கை மிதித்ததில் பின்னால் வந்த லாரிக்காரன் என் வம்சத்தையே இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"ஒருத்தன் தலையில சிவப்புத் துண்டா?" என்று தன் தலையைச் சுற்றிக் காட்டினான்.

மச்சான் சிவப்புத் துண்டு இல்லாமல் கடலுக்குப் போனதில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் தலையிலிருந்து அதை உருவ நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவன் மெதுவாக, எனக்காக ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னான். உள்ளே வர இடம் இல்லாததால் கப்பல் வெளியே, கிழக்கே ரொம்பத் தள்ளி மெதுவாகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. முந்தாநாள் சாயங்காலம் ஒரு சின்னப் படகு நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் இருந்தவர்கள் துண்டை வீசியிருக்கிறார்கள். பக்கத்தில் போனால், என்ஜின் செத்துப்போய் நிற்கிறது. போன், பேட்டரி எல்லாம் நனைந்துபோயிருக்கிறது. கயிற்றில் கட்டித் தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஏறி வாருங்கள் என்று சைகை காட்டியிருக்கிறார்கள். ஏறவில்லை.

"வீ வேர் கோயிங் டு ரிப்போர்ட் இட்" என்றான். அவன் காது சிவந்துவிட்டது. கரைக்குத் தகவல் சொல்லப் போனார்களாம். பட். அந்த 'பட்' வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். இத்தனை வருஷம் அதை வைத்துச் சிரித்தவன் அல்லவா. துண்டு கட்டிய ஆள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, 'நோ ப்ராப்ளம், மை ஃப்ரெண்ட்' என்று சிரித்திருக்கிறான்.

அது என் கடைச் சரக்கு. மச்சான் கொஞ்ச நாள் கப்பலுக்குக் காய்கறி கொண்டுபோகிற படகில் வேலை பார்த்தார். அப்போது அந்தச் சொற்களை என்னிடமிருந்துதான் வாங்கிக்கொண்டு போனார். கப்பல்காரனிடம் அதைத் தவிர வேறெதுவும் சொல்ல அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தக்காளி அழுகிப்போனாலும் அதுதான். படகு கவிழ்ந்தாலும் அதுதான்.

"அப்புறம்?" என்றேன் தமிழிலேயே. அவனுக்குப் புரிந்தது.

"ஹீ செட் ஹிஸ் பீப்பிள் உட் கம்."

மச்சான் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 'மை பீப்பிள் கம்.' அவ்வளவுதான் வரும் அவருக்கு. எங்க ஆளுக வருவாவ. அதை இவன் தன் பழக்கத்துக்கு உப்புப் போட்டு என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"டிட் தே?"

வந்தார்களா? அவர் ஆட்கள் வந்தார்களா?

அந்த ஆட்களில் ஒருத்தன் பல்வலிக்காரனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் மணப்பாட்டுக் கடலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். நான் என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். "ஐ பீப்பிள்" என்றேன். தப்பான இங்கிலீஷ் என்று தெரியும். ஆனால் அவன் சிரிக்கவில்லை. "டர்ன் அரவுண்ட்" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினான். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து வண்டியைத் திருப்பினேன். துறைமுகத்துக்கு வந்ததும் அவன் கப்பல் ஏணியில் இரண்டு இரண்டு படியாக ஏறிப்போய், அந்த இடம் எதுவென்று பார்த்து வந்து, என் போனில் இருந்த மேப்பில் விரலால் குத்திவைத்தான். நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு அந்தப் பக்கம் கொஞ்சம் போனால் இலங்கைக் கடல்.

கரைக்கு ஓடினேன். அக்காளிடம் நான் சொன்னது தமிழில்தான். தமிழில் சொல்லும்போது அந்த உப்பு தானாகக் கழன்றுபோனது.

"எக்கா, மச்சானக் கப்பல்காரன் பாத்துருக்கான். கெழக்க, வெளிப்பார்ல. நங்கூரம் போட்டு நிக்காவ. 'எங்க ஆளுக வருவாவ'ன்னு சொன்னாவளாம்."

அக்காள் எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டவில்லை.

"கேட்டியளா?" என்றாள் சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "'வருவாவ'ன்னு சொல்லிட்டு உக்காந்துருக்காவளாம். ஆருலே வருவா? வானத்துலேருந்தா வருவாவ? ஆளுகன்னா நீங்கதான. தெக்க என்னத்தத் தேடிக்கிட்டுக் கெடக்கிய?"

அதிகாரிக்குத் தகவல் சொன்னார்கள். அவர் உடனே மேலே பேசினார். அதற்குள் கரையில் நின்ற வள்ளம் ஒன்று கிளம்பிவிட்டது. நானும் தாவி ஏறினேன். மேப் என் போனில் இருக்கிறது என்று காரணம் சொன்னேன். கடற்கரையில் பிறந்து, கடலில் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான். துறைமுக அலைத்தடுப்பைத் தாண்டுவதற்குள் காலையில் குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வள்ளம் ஓட்டியவர், "அண்ணாச்சி, மீனுக்குத் தீனி போட வந்தியளா, ஆளத் தேட வந்தியளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

காற்று முதுகில் தள்ளியது. வெயில் ஏற ஏற கரை மறைந்தது. சிவப்புப் பொட்டின் மேல் வந்து நின்றோம். வள்ளம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதற்குள்ளே ஒளிந்திருப்பார்கள் என்கிற மாதிரி. அப்போது ஒருத்தர், "அங்கன பாருங்க" என்று கை நீட்டினார்.

ஒரு மஞ்சள் எண்ணெய்க் கேன் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் காதில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது.

ஆளைக் காணாமல் துண்டை மட்டும் பார்க்கிறதைவிட ஒன்றும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. வள்ளம் ஓட்டியவர் குனிந்து கேனைப் பிடித்து, அதற்குக் கீழே போகிற கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு விறைப்பாக நின்றது. அடியில் நங்கூரம் பாரில் கவ்விப் பிடித்திருந்தது.

"அறுந்துக்கிட்டுப் போகல்ல" என்றார். "நங்கூரக் கயித்த நிதானமா அவுத்து, மிதப்பு கட்டி விட்டுட்டுப் போயிருக்காவ. அடையாளத்துக்குத் துண்டும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா பெறவு வந்து எடுக்கதுக்கு. நங்கூரம் சும்மாவா கெடைக்கி? எடுக்க நேரமில்லன்னா மிதப்பு கட்டிப் போட்டுட்டுப் போவோம், பெறவு வந்து எடுத்துக்கிடுவோம்."

எடுக்க ஏன் நேரமில்லை, எதில் போனார்கள், யாராவது வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்களா என்று எங்களுக்குள் பேச்சு. காற்று கிழக்கே தள்ளுகிறது. கிழக்கே அடுத்த நாடு. ஒருத்தர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்: "இலங்கைக்காரன்வ பிடிச்சிருப்பான்வ." சொல்லிவிட்டு, அது கெட்ட செய்தியா நல்ல செய்தியா என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

கேனை எடுத்துவருவதா விட்டுவருவதா என்று கேட்டார்கள். வள்ளம் ஓட்டியவர் துண்டு முடிச்சை இன்னொருமுறை இறுக்கிவிட்டு, கேனைத் தண்ணீரில் விட்டார்.

கரையில் அக்காள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "மிதப்ப எடுத்துட்டு வந்துட்டியளாலே?"

"இல்லக்கா. அங்கனயே விட்டுட்டு வந்துட்டோம்."

"அதான் சரி" என்றாள். "திரும்பி வந்து எடுக்கப்போறவுகதான் மிதப்பு கட்டுவாவ." அதைத் தனக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல. போன வருஷம் வேறொரு வீட்டு ஆட்களை எல்லை தாண்டினார்கள் என்று பிடித்துக்கொண்டு போனபோது, ரோட்டில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிய பெண்களில் என் அக்காளும் ஒருத்தி. அதே அக்காள் இப்போது கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, "மாதாவே, என் வீட்டுக்காரரப் பிடிச்சிருக்கணும், ஜெயில்ல போட்டுருக்கணும்" என்று வாய்விட்டு வேண்டினாள். மற்ற மூன்று பேருடைய வீட்டுப் பெண்களும் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஆமென் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த இங்கிலீஷ்காரனின் கப்பல் சரக்கு இறக்கி முடித்துப் புறப்படத் தயாரானது. அதற்குள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டுவிட்டான். கப்பல் ஏணி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "எனி நியூஸ்?" என்றான். "நோ நியூஸ்" என்றேன். 'நோ ப்ராப்ளம்' என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடவில்லை.

கப்பல் போன பிறகுதான் போன் வந்தது. நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இலங்கைக் கடற்படை வள்ளத்தோடு இழுத்துக்கொண்டு போய், அந்தக் கரையில் காவலில் வைத்திருக்கிறது. எங்கள் தெருவே கூத்தாடியது. யாரோ பாய் கடையில் லட்டு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அரெஸ்ட் ஆனதற்கு இனிப்பு கொடுத்த தெரு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அக்காள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், "பிடிச்சிட்டானா, பாவி" என்று திட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆபீசருக்கு ஒரு சொல் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். பேரும் தெரியாது, நம்பரும் வாங்கிவைக்கவில்லை. அவன் எந்தத் துறைமுகத்தில் எந்த டிரைவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறானோ. ஹிஸ் பீப்பிள் உட் கம் என்பதோடு அவனுடைய கதை நின்றுபோகும்.

வழக்கு, வாய்தா என்று இழுத்து, மச்சான் வந்து சேர்ந்தபோது பாதி ஆளாக இருந்தார். வள்ளம் வரவில்லை. அது அந்தக் கரையில் வெயிலில் கிடக்கிறது என்றார்கள். ரொம்ப நாளைக்கு எதையும் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்து என் வித்தையையெல்லாம் காட்டினேன். வேனைச் சுவரில் இடித்த கதை, வாந்தி எடுத்த கதை. ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"மச்சான், கப்பல்காரன்ட்ட 'எங்க ஆளுக வருவாவ'ன்னு சொன்னியளாமே. அவன் மேல ஏறச் சொல்லிருக்கான். ஏறிருக்கலாம்லா?"

"வள்ளத்த விட்டுட்டா?"

அவரே மேலே சொன்னார்.

"நீங்கெல்லாம் தெக்கதான் தேடுவியன்னு எனக்கு அப்பமே தெரியும் மாப்ள. நான் கெழக்க வந்தது ஒரு நாயிக்கும் தெரியாது."

"பெறவு ஏன் அப்படிச் சொன்னிய?"

"வேற என்னத்தச் சொல்ல? மூணு பேரும் எம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தான்வ."

கிழக்கே கட்டிவிட்ட மிதப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை. காற்றில் இத்தனை நாள் நின்றிருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து வேறொருத்தர் வள்ளத்துக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். முதல் நாள், விடியக்காலையில், வேன் எடுக்கப் போகிற வழியில் நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் புதுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அக்காள் அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறிய?"

எனக்கு டீ புரையேறியது. தெருவில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மச்சான் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். கை ஓங்கவும் செய்யவில்லை, ஏசவும் செய்யவில்லை. திரும்பி வந்தார். உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அக்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலை குனியவில்லை. அவர் ஒரு வாய் குடித்தார்.

"தெக்க" என்றார்.

பொய் என்று எனக்கே தெரிந்தது. அக்காளும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இந்த ஓட்டை வாயன் உட்கார்ந்திருக்கிறவரை இவர் வாயிலிருந்து உண்மை வராது என்று அந்தப் பார்வை சொன்னது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மேற்கேயிருந்து காற்று குப்பையை உருட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே பேச்சு தணிந்து கேட்டது. மச்சான் குரல், அப்புறம் அக்காள் ஏதோ திருப்பிக் கேட்கிற குரல், மறுபடி மச்சான். நான் அங்கேயே நின்று, சுவரில் காதை வைக்கப் போனேன். பட்.

வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.